மஹியங்கனைக்கு இன்னும் நாலு கிலோமீட்டர்

மயில்வாகனம் மஹியங்கனைக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் வந்துகொண்டிருந்தபோது, பரிமளம் தும்புத்தடியோடு வந்து அவர் காலடியில் கூட்டினாள்.

"கொஞ்சம் காலைத் தூக்குங்க."

"இறக்கம் முடிஞ்சு இப்பத்தான் சமதரைக்கு வந்திருக்கேன். மிதிக்கிறதை விட்டா மூச்சு மாறிடும்."

"அப்ப மிதிங்க. நான் சுத்திக் கூட்டிக்கிறேன்."

அந்தச் சைக்கிளுக்குச் சில்லு இல்லை. இரண்டு மிதிகட்டை, ஓர் இருக்கை, கைபிடியில் தூரம் காட்டும் சின்னப் பெட்டி, அவ்வளவுதான். கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டிய மேட்டில் அவர்கள் வீட்டு முன்னறையில், யன்னலோரமாக, நாலு ரப்பர் காலில் அது அசையாமல் நின்றது. மாநகரசபையில் முப்பத்துநாலு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற மயில்வாகனத்துக்குச் சீனி வருத்தம் கூடியபோது, தினமும் நடக்கச் சொன்னார் டொக்டர். இறங்கினால் மறுபடி ஏற வேண்டிய ஊரில் எவன் நடப்பான் என்று கேட்டுவிட்டு இவர் கதிரையில் சாய்ந்துகொண்டார். பரிமளம்தான் எங்கெங்கோ விசாரித்து இந்தச் சைக்கிளை வாங்கி வந்தாள். எதிர்ச்சுவரில் மழைக்கு ஊறிய கறையை மறைக்க இலங்கைப் படம் ஒன்றையும் அவளே மாட்டினாள்.

முதல் நாள் சும்மா மிதித்தார். இரண்டாம் நாள் மிதித்தபடியே படத்தில் கண்டியைத் தேடினார். மூன்றாம் நாள், கடல் வரைக்கும் போகலாம் என்று சொல்லி, ஒரு குண்டூசியை எடுத்துக் குண்டசாலைக்குப் பக்கத்தில் குத்தினார். அன்றிலிருந்து பெட்டி எவ்வளவு தூரம் காட்டுகிறதோ அவ்வளவு தூரம் ஊசி நகர்ந்தது. ஒரு நூல் கூட அதிகம் நகர்த்தமாட்டார். கண்ணை மூடினால் மகாவலி வலப்பக்கமாகக் கூடவே வந்தது. தெல்தெனியவைத் தாண்டியதும் நீர்த்தேக்கத்தின் மேல் மேகம் படிந்து கிடந்தது. பதினெட்டு வளைவில் காற்று காதுக்குள் ஊதியது. ஹசலக்கவில் வயல்களுக்கு நடுவே கொக்குகள் ஒற்றைக் காலில் நின்று இவரைப் பார்த்தன. உண்மையில் மயில்வாகனம் பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் திகனையைத் தாண்டிப் போனதில்லை.

அன்று கண்ணை மூடி அவர் ஆற்றங்கரை மருதமரங்களுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. பரிமளம் அதை எடுத்து, அமத்தி, அவர் காதோடு வைத்தாள்.

"அண்ணே, எங்க ஈக்கிறீங்க?" அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் பஹ்மி. மாநகரசபைக்குக் குழாய்ச் சாமான் கொண்டுவந்த காலத்திலிருந்து பழக்கம்.

"மஹியங்கனைக்கு... இன்னும் நாலு கிலோமீட்டர்."

"மஹியங்கனைக்கா? பஸ்ஸிலயா?"

"சைக்கிள்ல."



"அண்ணே, அந்த ரோட்டுல ஆனை வரும். கவனம்."

"ஒண்ணும் இல்ல பஹ்மி. நல்ல வெளிச்சமா இருக்கு," என்று மயில்வாகனம் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

ஃபோனை வைத்த பிறகுதான் கண்ணைத் திறந்தார். எதிரே சுவரும் படமும் தும்புத்தடியும் இருந்தன.

"பரிமளம், அவன் என்னை ரோட்டுல நினைச்சுக்கிட்டான்."

"அப்புறமா எடுத்துச் சொல்லிடுங்க. வேர்வையோட நிக்காம முதல்ல குளிங்க."

குளித்துவிட்டு வந்தபோது வட்ஸ்அப்பில் பதினோரு செய்திகள் இருந்தன. பஹ்மி நம்பமுடியாமல் பரிமளத்தின் ஃபோனுக்கு எடுத்துக் கேட்டு, பழைய மாநகரசபைக் கந்தோர் ஆட்களுக்கெல்லாம் சொல்லியும் இருந்தான்.

"நீ என்ன சொன்னே?"

"சைக்கிள் ஓடுறாரான்னு கேட்டாரு. ஆமா, ரெண்டு கிழமையா ஓடுறாருன்னேன். எங்க போறாருன்னாரு. கடல் வரைக்கும்னு சொல்றாருன்னேன். கேட்டதுக்கு உள்ளதைத்தானே சொன்னேன்?"

அது உண்மைதான். பரிமளத்துக்குப் பொய் சொல்ல வராது என்பது அவருக்குத் தெரியும். முப்பத்தொரு வருடமாகப் பார்க்கிறார். வேண்டாத விருந்தாளி வந்து கேட்டால்கூட, "உள்ளுக்கு இருக்காரு, ஆனா வரமாட்டாரு" என்று சொல்கிற ஆள்.

பதினோரு செய்திகளில் ஒன்று சுந்தரலிங்கத்தினுடையது. சுந்தரலிங்கம் அவருடைய பழைய பிரதம கிளார்க். முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்த்து நல்ல வார்த்தை சொன்னதில்லை. 'மயில்வாகனம், உம்மை நான் இவ்வளவு நாளும் தப்பாக நினைத்துவிட்டேன்' என்று எழுதியிருந்தார்.

மயில்வாகனம் அதை மூன்று தரம் படித்தார். பஹ்மிக்கு நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மறுநாளிலிருந்து அவருக்கு வீட்டுக்கு வெளியே இடமில்லாமல் போய்விட்டது. மஹியங்கனையைத் தாண்டிப் போகிற மனிதர் கண்டிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்க முடியாது. முடிவெட்டப் போக முடியவில்லை. கோயிலுக்குப் போக முடியவில்லை. கீழ்வீட்டார் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று பரிமளம் யன்னலுக்கு ஒரு தடித்த திரை போட்டாள். உலகத்தைச் சுற்றுகிறவர் ஒரு கொக்கைக்கூடப் பார்க்க முடியாமல் இருட்டறையில் மிதித்தார்.

நாலாம் நாள் பஹ்மி, ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னான்.

"பின்வளவுல மாமரத்தடியில வச்சு எடுத்தா காடு மாதிரி இருக்கும்," என்றாள் பரிமளம்.

இருவருமாகச் சைக்கிளை இழுத்துக்கொண்டுபோய் மரத்தடியில் வைத்தார்கள். நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரிகிறமாதிரி, தலையில் ஒரு துவாயைக் கட்டிக்கொண்டு, தூரத்தைப் பார்த்தபடி மயில்வாகனம் உட்கார்ந்தார். படம் நன்றாகத்தான் வந்தது. அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

'மாஷா அல்லாஹ், நல்ல காடு. ஆனா காட்டுக்குள்ளயும் ஆரோ பச்சைச் சாரி காயப்போட்டீக்கி.'

மயில்வாகனம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கொடியில் பரிமளத்தின் சாரி ஆடிக்கொண்டிருந்தது. அவசரத்தில், 'இங்கே ஒரு நல்ல குடும்பத்து வீட்டில் தங்கியிருக்கிறேன்' என்று எழுதிவிட்டார்.

'அவங்கட நம்பரைத் தாங்க அண்ணே. நான் நன்றி சொல்லோணும்.'

அந்த வீட்டைவிட்டு எப்படியாவது கிளம்பிவிட வேண்டும் என்று அன்றைக்கு அவர் பதினாலு கிலோமீட்டர் மிதித்தார். ஊசியை மஹாஓயா பக்கம் குத்தும்போது தொடை இரண்டும் நடுங்கின. இரவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "இது எங்க போய் முடியும்?" என்று கேட்டார்.

"சுவர்ப் படத்தைப் பார்த்தா காத்தான்குடி வரைக்கும் போகும் போல இருக்கு," என்றாள் பரிமளம் தூக்கக் கலக்கத்தில்.

காலையில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. பஹ்மிக்கு எடுத்தார்.

"முழங்கால் பிடிச்சுக்கிட்டுது பஹ்மி. இதோட திரும்பிடலாம்னு பாக்கிறேன்."

"அசையாம அங்கேயே நில்லுங்க அண்ணே. எங்கட லொறி செங்கலடிக்குச் சாமான் ஏத்திட்டுப் போகுது. ரெண்டு மணித்தியாலத்துல மஹாஓயாக்கு வரும். டிரைவருக்குச் சொல்றேன்."

"வேணாம் வேணாம். இப்பக் கொஞ்சம் லேசா இருக்கு."

"இப்பத்தானே பிடிச்சிட்டுதுன்னு சொன்னீங்க."

"ஒரு எண்ணெய் பூசினேன். உடனே விட்டிடுச்சு."

"என்ன எண்ணெய் அது? பஸீஹாக்கும் ஆறு மாசமா முழங்கால்தான். பேரைச் சொல்லுங்க, வாங்கிக் குடுக்கிறேன்."

மனைவியின் முழங்காலுக்காக பஹ்மி அதன்பிறகு நாலு தரம் எடுத்தான். ஐந்தாம் தரம் எடுத்தபோது மயில்வாகனம் ஃபோனைப் பரிமளத்திடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது அவள் படத்துக்கு முன்னால் நின்று விரலால் தூரம் அளந்துகொண்டிருந்தாள்.

"பஹ்மிட ராத்தா, அதான் அக்கா, சித்தி றலியான்னு பேரு, காத்தான்குடியில இருக்காங்களாம். கட்டாயம் அவங்க வீட்டுல சாப்பிட்டுத்தான் போகணுமாம். எப்ப வந்து சேருவீங்கன்னு கேட்டாரு. நீங்க மிதிக்கிற மிதிக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஊசி அங்க போயிடும். அதான் அப்படியே சொன்னேன்."

"ஊசி போயிடும். நான்?"

பரிமளம் அதை அப்போதுதான் யோசித்தவள்போல வாயில் கை வைத்தாள்.

"கந்தோர் ஆளுங்க எல்லாரும் ஃபோன்ல பாக்கப் போறாங்களாம். சுந்தரலிங்கம் ஐயாவும் பேசுவாராம்."

மயில்வாகனம் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் களஞ்சிய அறையைத் திறந்து, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓடிய பழைய சைக்கிளை வெளியே இழுத்துத் தூசி தட்டினார். அதற்கு இரண்டு சில்லும் இருந்தன.

ஞாயிறு விடியும்போது அவர்கள் மட்டக்களப்பு பஸ்ஸில் இருந்தார்கள். சைக்கிள் பின்பக்கப் பெட்டிக்குள் இருந்தது. தனியாக விட்டால் சீனி இறங்கிவிடும் என்று பரிமளமும் கூட வந்தாள். யன்னல் பக்கம் அவளுக்கு.

தெல்தெனியவில் மேகம் உண்மையாகவே நீருக்கு மேல் கிடந்தது. பதினெட்டு வளைவில் பஸ் திரும்பத் திரும்ப, கீழே சமவெளி ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமுமாகத் தெரிந்தது. பனிமூட்டம் கிழிந்த இடங்களில் ஆறு வெள்ளிக் கம்பிபோல மின்னியது. மஹியங்கனையில் மகாவலி அவர் நினைத்ததைவிட அகலமாக இருந்தது. அதைப் பார்த்ததும், இவ்வளவு நாளும் அந்த ஆற்றைச் சின்னதாக நினைத்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாகப் போனது.

"இந்த இடத்துல நீங்க புதன்கிழமை இருந்தீங்க," என்றாள் பரிமளம், மஹாஓயாவில்.

"ம். வெயில் கூட."

அவள் ஒரு நிமிடமும் தூங்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு வந்த மயில்வாகனத்துக்குப் பழைய வாக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். யுத்தம் நடந்தபோது பாதை சரியில்லை என்றார். யுத்தம் முடிந்து ஏழு வருடமாகத் தன் முழங்கால் சரியில்லை என்கிறார்.

மட்டக்களப்பில் இறங்கியதும், "நான் உங்களோட வந்தா விஷயம் தெரிஞ்சிடும். முச்சக்கரவண்டியில கல்லடிக் கடற்கரைக்குப் போயிருக்கேன். நீங்க சாப்பிட்டுட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

மயில்வாகனம் சைக்கிளில் ஏறினார். முதல் இருபது அடி பாம்புபோல வளைந்தார். பிறகு நேராகிவிட்டது. திட்டம் என்னவென்றால், காத்தான்குடி எல்லையில் நின்று போத்தல் தண்ணீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு உள்ளே போவது.

கல்லடிப் பாலத்தில் ஏறியபோது வாவி இரண்டு பக்கமும் விரிந்தது. தோணி ஒன்று அசையாமல் நிற்பதுபோல் போய்க்கொண்டிருந்தது. காற்று முகத்தில் வந்து முட்டியது. அதில் உப்பு இருந்தது. மூன்று வாரம் முன்னறையில் எவ்வளவோ யோசித்தும் அந்த உப்பு அவர் நினைவுக்கு வந்ததே இல்லை. மிதிக்க மிதிக்கப் பாதை பின்னால் போனது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தென்னைமரம் வந்தது, ஒரு மதில் வந்தது, மதிலுக்கு மேலால் கடல் ஒரு துண்டு வந்து மறைந்தது. கண்ணை மூடத் தேவையிருக்கவில்லை. ஒரு கட்டத்தில் தான் எதற்காக எங்கே போகிறோம் என்பதையே அவர் மறந்துவிட்டார். காத்தான்குடிப் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் நினைவு வந்தது. போத்தலைத் திறந்தார். சட்டை ஏற்கெனவே நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டார்.

சித்தி றலியா வாசலிலேயே காத்திருந்தார். வெள்ளைத் துணியால் தலையை மூடிய, அமைதியான பெண். ஃபோனில் பஹ்மி அழுதேவிட்டான். பின்னால் பழைய கந்தோர்க்காரர்கள் கைதட்டினார்கள். சுந்தரலிங்கம் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "மயில்வாகனம், நீர் மனுஷன்," என்றார்.

எல்லாம் ஓய்ந்து ஃபோனை வைத்தபிறகு சாப்பாட்டு மேசையில் அவரும் சித்தி றலியாவும் மட்டும் இருந்தார்கள். இறைச்சியும் மீனும் கத்தரிக்காய்ப் பாலாணமுமாக மேசையில் இடமில்லை. இவருடைய சீனி வருத்தத்துக்கென்று தனியாகக் குரக்கன் பிட்டு வேறு அவித்திருந்தார். முன்பின் தெரியாத ஒருவருக்காக விடியற்காலையே எழும்பிச் சமைத்த சாப்பாடு. மயில்வாகனம் முதல் கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். சுந்தரலிங்கத்தின் பாராட்டு போனால் போகட்டும் என்று தோன்றியது.

"தங்கச்சி, ஒரு விஷயம் சொல்லணும். நான் கண்டியில இருந்து சைக்கிள்ல வரல்ல. மட்டக்களப்பு வரைக்கும் பஸ்ஸுல வந்தேன். மிச்சமெல்லாம் வீட்டு முன்னறையில மிதிச்சது. பரிமளத்து மேல ஒரு பிழையும் இல்ல. அவ பாவம், இதுல ஒண்ணும் அறியாதவ."

சித்தி றலியா கறியை வைப்பதை நிறுத்தவில்லை.

"சாப்பிடுங்க அண்ணன். நானும் பரிமளமும் சின்னதுல கண்டிப் பள்ளிக்கூடத்துல ஒரே வாங்குல இருந்து படிச்சவங்க," என்றார். "மூணு கிழமைக்கு முந்தி கோல் எடுத்து, 'றலியா, இந்த மனுசனைக் கடலுக்குக் கூட்டிட்டு வர ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன், நாளைக்குச் சில்லு இல்லாத சைக்கிள் ஒண்ணு வாங்கப் போறேன்' எண்டு சொன்னா."