இருபத்தோரு தேங்காயும் என் ஸ்மார்ட் வாட்ச்சும்

வெள்ளிக்கிழமை காலையில கோயிலுக்குப் போய் இருபத்தோரு தேங்காய் உடைக்கணும். அவ்வளவுதான் அன்னைக்கு என் வேலை.

மக நாலாவது தடவையில கார் லைசன்ஸ் பாஸ் பண்ணிட்டா. பிள்ளையாருக்கு வேண்டிக்கிட்டது.

கையில புது ஸ்மார்ட் வாட்ச். அலோர் காஜா டவுன்ல ஒரு கடையில வாங்கினது. புடிக்கலன்னா ஒரு வாரத்துக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம். அன்னைக்குத்தான் கடைசி நாள்.

"மணி பாக்க சுவத்துல ஒண்ணு, கார்ல ஒண்ணு, போன்ல ஒண்ணு இருக்கு. இது எதுக்கு?"ன்னு என் பொண்டாட்டி சாந்தி ஒரு வாரமா கேக்குறா. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லியாகணும். மானப் பிரச்சினை!

அவ தம்பி மாறன்தான் யோசனை சொன்னான். "போனோட சேத்துடுங்க மாமா. சேக்கலன்னா அது வெறும் கடிகாரம் லா. சேத்தா, நீங்க எங்கயாச்சும் விழுந்தா உடனே வீட்டுக்கு மெசேஜ் போகும்."

சேத்தேன். சாந்தி நம்பரையே போட்டேன். என்மேல அக்கறையா ஒரு ஜீவன் இருக்குன்னு அவளுக்கும் தெரியட்டும்!

கோயில்ல ஆரம்பிச்சேன். தேங்காயத் தலைக்கு மேல தூக்கி, ஓங்கி ஒரே அடி. வாட்ச் வலது கையில. நாலு பேர் கண்ணுல படணும்ல! வயசு ஐம்பத்து மூணு, ரெண்டு காய்க்கு ஒருதரம் நின்னு மூச்சு வாங்கினேன்.

பதினாலாவது காய் சிதறினப்ப சாந்தி தலைவிரிகோலமா ஓடி வந்தா. வீடு பாயா ரும்புட்லதான், கோயிலுக்குப் பக்கம். பின்னாலயே மாறன், பக்கத்து வீட்டுக்காரரோட சக்கர நாற்காலியத் தள்ளிக்கிட்டு.

"விழுந்துட்டீங்களாமே!"

"நானா? இல்லியே!"

போனை நீட்டினா. ஒன்பது மெசேஜ். ஒன்பதுலயும் நான் பலமா விழுந்திருக்கேன்.

"மொத மெசேஜுக்கே எனக்கு உசுரு போச்சு. ஒன்பதாவது வந்தப்ப, இந்த மனுஷன் எதுக்குத் திரும்பத் திரும்ப எந்திரிக்கிறாருன்னு ஆயிருச்சு!"

மாறன் வாட்ச்சைத் தட்டிப் பார்த்தான். "கை வேகமா கீழ வந்து நிக்குதுல்ல மாமா, நீங்க விழுந்ததா நெனச்சுக்குச்சு. நல்லா இருக்கீங்களான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கு. நீங்கதான் பதிலே சொல்லல."

நான் பிள்ளையார்கிட்ட பேசுவேனா, இதுகிட்ட பேசுவேனா?

சாந்தி கண்ணுல தண்ணி. அதைப் பார்த்ததும் எனக்கு நிஜமாவே வெக்கமாப் போச்சு. சமாதானம் சொல்ல ரெண்டு எட்டு வச்சேன். தரையெல்லாம் தேங்காத் தண்ணி. சர்ருன்னு வழுக்கி மல்லாக்க விழுந்தேன். இடுப்புல பளீர்னு ஒரு வலி!

மூணு பேரும் வாட்ச்சையே பார்த்தோம். ஒரு சத்தமும் இல்ல. சாந்தி போனும் ஊமை.

கொஞ்சம் கழிச்சு வாட்ச் லேசா அதிர்ந்துச்சு. 'அருமையான உடற்பயிற்சி! இதேபோல் தொடருங்கள்!'

மீதி ஏழு தேங்காயையும் சாந்திதான் உடைச்சா. ஒவ்வொண்ணையும் என்னைப் பார்த்துக்கிட்டே.

சாயங்காலம் கடைக்குப் போய் வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்துட்டேன். சக்கர நாற்காலி மட்டும் இன்னும் என்கிட்டதான் இருக்கு.