ஞானமலர் பூசை கொடுத்த கட்சி

இங்கிலாந்தில் நகரசபைத் தேர்தலுக்கு நிற்கும் என் அன்பு மகன் பிரதீபனுக்கு,

திருகோணமலையிலிருந்து அப்பா தம்பிராசா எழுதுவது. ஆண்டவர் துணையால் நாங்கள் சுகம். உன் சுகத்தைத் தேர்தல் படத்தில் பார்த்தோம், மெலிந்துபோனாய்.

விசயம் என்னவென்றால், உன் அம்மா ஞானமலர் போனில் உங்கள் நாட்டுக் கூட்டமொன்றைப் பார்த்தாள். கொடி, சிலுவை, குடும்பம், பழைய ஒழுக்கம் என்று நல்ல பேச்சு. உன்னுடைய பழமைக் கட்சிதான் என்று நினைத்து உன்னைத் தேடினாள். கூட்டம் முழுக்க வெள்ளை முகம். பிள்ளை எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றப் போயிருப்பான் என்று தானே முடிவுகட்டி, அந்தக் கட்சி வெல்ல வேண்டுமென்று பூசையும் ஒப்புக்கொடுத்துவிட்டாள். ஞாயிறு பூசையில் பங்குச் சுவாமி கட்சிப் பெயரைப் பிழையில்லாமல் வாசித்தார். கோயிலே ஆமென் சொன்னது. பிறகு மீன் சந்தையில் என் கூட்டாளி முனாப்பிடம் அந்த வீடியோவைப் பெருமையாகக் காட்டினால், மனுசன் தலையில் கைவைத்துவிட்டார். அது வெள்ளைத் தோல்காரருக்கு மட்டும்தான் நாடு என்கிற கூட்டமாம். உன்னைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். இரண்டு கட்சியும் ஒரே கதைதானே கதைக்குது, எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டேன்.

"உங்கட மகன்ர கொள்கை முழுக்க அவங்கட கொள்கைதான் எண்டு வைங்க அண்ணன். அப்பவும் அவனச் சேர்க்கமாட்டாங்கள் எண்டா, அது பழமையில்ல, தோலைப் பாக்கிறது," என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. நானும் பழமைக்காரன்தான். கோயிலில் கிற்றார் வேண்டாம் என்று இன்றும் சண்டை பிடிக்கிறேன். ஆனால் கிற்றார் அடிக்கிற ஜக்சனின் பூட்டன் எந்த ஊர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவன் உட்கார வாங்குப் பலகையில் இடம் விட்டுத்தான் சண்டை பிடிக்கிறேன்.

உங்கள் தலைவர் வாக்குக்காக அந்தக் கூட்டத்தோடு சேரப் பார்க்கிறார் என்று போனமுறை கதைத்தபோது நீயே சொன்னாய். நீ மேடையில் ஏறி, நாங்கள் வேறு, அவர்கள் வேறு என்று சொல். உன்னை வேட்பாளர் இல்லையென்று தூக்கினாலும் சொல். தோற்றால் என்ன, வீட்டுக்கு வாவன். நத்தார்ப் பண்டிகைக்கு நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் பலகாரம் தின்கிறோம். உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்குதடா.

அந்தப் பூசையை நிறுத்தச் சொல்லி அம்மாவுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். மாதா உன்னைக் காப்பாராக.

அன்புள்ள அப்பா,
தம்பிராசா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் அடுத்த ஞாயிறு வந்துவிட்டது. அம்மா எல்லாம் தெரிந்துகொண்டே அதே கட்சிக்கு மறுபடியும் பூசை கொடுத்திருக்கிறாள். சுவாமி வாசிக்கும்போது வாங்கில் இருந்தபடியே அவளை ஏசினேன்.

"அவங்கள் தேர்தலில வெண்டாப் பிள்ளையத் திருப்பி அனுப்புவாங்கள்தானே," என்றாள்.

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொல்லிப்போட்டேன்.