செவ்வாய்க்கிழமைச் சட்டை

"தோள் பிடிக்குது மாஸ்டர்" என்று சட்டையை மேசைமேல் வைத்தார் போஸ்ட்மேன்.

தையல்காரரே தைத்துக் கொடுத்த நீலச் சட்டை. திரும்பி வருவது இது ஐந்தாவது செவ்வாய்க்கிழமை. முதலில் கை நீளம் என்றார் போஸ்ட்மேன், இவர் குறைத்தார். மணிக்கட்டு தெரிகிறது என்றார், இவர் இறக்கினார். பிறகு கழுத்து, பிறகு மார்பு. ஒவ்வொரு முறையும் சரிசெய்ததை நடுவில் அவர் மகள் வந்து வாங்கிப் போவாள். முப்பது வருடமாக ஒரு துணிகூடத் திரும்பி வராத கடை. அந்த ஒரு பெருமையை வைத்துக்கொண்டுதான் எதிரே முளைத்த ரெடிமேட் கடையைப் பார்த்துப் பயப்படாமல் இருந்தார்.

"இங்கயே போட்டுக் காட்டுங்க சார்."

"கையைத் தூக்கினா முதுகு இழுக்குது மாஸ்டர். வீட்ல போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். அவசரமில்ல, மெதுவாப் பண்ணுங்க."

சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஓய்வு பெற்று ஒரு வருடமாகியும் போஸ்ட்மேன் என்ற பெயர் அவரை விடவில்லை. எந்த வீட்டு நாய் கடிக்கும், எது கடிக்கிற மாதிரி நடிக்கும் என்று ஒரு மணி நேரம் பேசினார். தன் மகன் போனில் "சாப்டீங்களா, வெச்சுடவா" என்று பாசத்தை முடித்துக்கொள்வதைத் தையல்காரரும் நடித்துக் காட்டினார். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். போஸ்ட்மேன் போன பிறகுதான் சட்டை கண்ணில் பட்டுத் தையல்காரருக்கு எரிச்சல் வந்தது.

தோளைப் பிரித்தார். தோள் விரிந்தது, அக்குள் சுருங்கியது. அக்குளைப் பிரித்தார், பை ஒரு பக்கம் சாய்ந்தது. இந்தக் குழப்பத்தில் தலைமையாசிரியரின் காற்சட்டைப் பைகளின் வாயை மூடித் தைத்துவிட்டார்.

"சாவியை வாயிலயா கவ்விக்கிட்டுப் போறது?" என்று அவர் வந்து கத்திவிட்டுப் போனார். ஆக, திரும்பி வந்த துணி இரண்டு.

தையல்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை.

"என்னங்க, தட்டைப் பாக்காம என் தோளையே பாக்கறீங்க?" என்றாள் மனைவி.

"அளவு எங்கயோ தப்பிடுச்சு."

"எனக்கா?"

இனிப் பொறுப்பதில்லை என்று முடிவு செய்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை பேச்சுவாக்கில் நாடாவைப் போட்டு, போஸ்ட்மேனைக் கழுத்திலிருந்து இடுப்புவரை புதிதாக அளந்தார். அதே நீலத்தில் துணி தேடி வாங்கி, மற்ற வேலைகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டுப் புதுச் சட்டையே தைத்தார். சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே நடந்தார். அந்த மனிதரை மறுபடி சட்டையோடு கடையில் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை.

கதவைத் திறந்தது போஸ்ட்மேனின் மகள். காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். அவளுக்குப் பின்னால் கணினியில் ஆபீஸ் மீட்டிங்கில் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள்.

"அப்பா குளிக்கிறாரு மாஸ்டர்."

"பரவால்லம்மா. இதைக் கொடுத்துடு. நூலளவு பிசகாது. இனி கடைப் பக்கம் வரவேண்டிய வேலையே இல்லைன்னு சொல்லிடு."

மகளின் முகம் வாடிவிட்டது. சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"மாஸ்டர், பழைய சட்டையை அப்பா ஒரு தடவைகூடப் போட்டுப் பாத்ததில்ல. வாரத்துல அந்த ஒரு நாள்தான் சிரிச்ச முகமா வீட்டுக்கு வர்றாரு... இதுல ஒரு கையை மட்டும் கொஞ்சம் நீளமாக்கிக் கொடுத்துடுங்களேன்."