சர் ஹ்யூகோவின் மூக்கு

அன்புள்ள ஹில்டா அக்காவுக்கு,

தம்பி வில்ஃப் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் நலம். உன் முழங்கால் இப்போது மாடிப்படி ஏறவிடுகிறது என்று நம்புகிறேன். எனக்குத்தான் மனசு சரியில்லை. நம் தேவாலயத்தில் முப்பது வருஷமாகப் பார்த்துவந்த வார்டன் பொறுப்பை, அந்த நிர்வாக வேலையை, உதறிவிடலாம் என்றிருக்கிறேன்.

புதிதாக வந்திருக்கும் பாதிரியம்மா பிலிப்பா நல்லவர்தான், ஆனால் எதையும் கிளறாமல் விடமாட்டார். அலமாரியை ஒழித்தபோது, ராணிக்கு முடிசூட்டிய 1953ஆம் வருஷம் அறுவடைத் திருநாளில் எடுத்த புகைப்படம் ஒன்று கிடைத்ததாம். அதில், கல்லறை மேல் சிலையாகக் கிடக்கும் நம் கல் வீரர் சர் ஹ்யூகோ, கால்மாட்டில் பூசணிக்காயும் முகத்தில் முழு மூக்குமாகப் படுத்திருக்கிறார்! கிட்டத்தட்ட நானூறு வருஷத்துக்கு முன்பே உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் உடைத்த மூக்கு, அக்கா! நான் எழுதிய வரலாற்றுத் துண்டுப் பிரசுரத்தில் மூன்றாம் பக்கமே அதுதான். வருகிறவர்கள் தொட்டுப் பார்த்து உச்சுக் கொட்டுவதும் அங்கேதான். "அந்தப் பக்கத்தை எடுத்துடலாமா வில்ஃப்? இல்லேன்னா, நிஜமா யார் உடைச்சாங்கன்னு கண்டுபிடிச்சு எழுதுங்களேன்" என்கிறார், டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே.

கோபுரத்தில் மணி அடிக்கும் ரெஜ்ஜிடம் கேட்டேன். எண்பது வயது, தெரியாததா? "சிப்பாய்ங்கதான் உடைச்சாங்க. எதுக்குடா இப்ப அதெல்லாம்? கம்முனு வேலையைப் பாரு" என்றார். முகம் மட்டும் சிவந்துவிட்டது. சின்ன வயதில் அவர் ஏறிக் குதிக்காத கல்லறை உண்டா? "உடைச்சுட்டு யோக்கியர் மாதிரி மணி அடிக்கிறீங்களே!" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஞாயிறன்று அவர் வரவில்லை; ஆளுக்கொன்றாக அடிக்கும் ஆறு கோபுர மணிகளில் ஐந்துதான் ஒலித்தன.

எனக்கு வருத்தம் மூக்கைப் பற்றி இல்லை. சனிக்கிழமைகளில் அம்மா தேவாலயத்தைத் துடைக்கும்போது நான் வாளிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "பாவம்டா, சிப்பாய்ங்க அடிச்சுட்டாங்க" என்று அந்த முகத்தை மட்டும் இரண்டு தடவை துடைப்பாள். எனக்கு வரலாற்றில் ஆசை வந்ததே அப்போதுதான். அது பொய் என்றால் என்னால் தாங்க முடியவில்லை. நாளைக்கே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுவேன்.

அத்தானுக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் இருவரையும், முக்கியமாக உன் முழங்காலையும், காப்பாராக.

தம்பி,
வில்ஃப்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. ராஜினாமா கொடுக்கப் போட்டுக்கொண்ட கோட்டில் ஒரு பொத்தான் இல்லை. அம்மாவின் பொத்தான் டப்பாவைத் திறந்தால், அடியில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு கல். கொண்டுபோய் சர் ஹ்யூகோவின் முகத்தில் வைத்துப் பார்த்தேன். பொருந்துகிறது. ரெஜ் வீட்டுக்கு ஓடினேன். "துடைப்பக் கட்டை பட்டுடுச்சுடா. வேலை போயிடும்னு உங்கம்மா அழுதாங்க. அப்ப இருந்த பாதிரியாருக்குக் கண்ணு மங்கல். ஊரே கூடி பழியை சிப்பாய்ங்க மேல போட்டுட்டோம்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். நாய்க்கு ஒரு ரொட்டித்துண்டு கொடுத்தார், எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனால் ஞாயிறு மணி அடிக்க வருகிறார். மூன்றாம் பக்கத்தை, அம்மாவின் பெயரைப் போட்டே, திருத்திக் கொடுத்துவிட்டேன்: 'மூக்கு, இந்தத் தேவாலயத்தை முப்பத்தொரு வருஷம் துடைத்த ஈடித் ஹாடோவால் தவறுதலாக உடைந்தது.' எண்ணூறு வருஷ வரலாற்றில், துடைத்தவர் பெயர் ஒன்று வருவது இதுதான் முதல் தடவை. உனக்கு இதெல்லாம் முன்பே தெரியும் என்றால், தயவுசெய்து பதில் எழுதாதே.