மாற்றத்துக்கான காரணம்

"ரதீசா, எம்பேரை எட்டாவது வரியில போட்டிருக்கியே, நான் என்ன உங்க வீட்டு வாட்ச்மேனா?"

போனில் பெரியப்பா சிவானந்தன். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ரயிலையே காக்க வைத்த மனிதர், ஏழு பேருக்குப் பின்னால் நிற்பாரா?

"இப்பவே மாத்திடுறேன் பெரியப்பா."

ரதீசனின் தங்கை மாதுமைக்கு இன்னும் மூன்று வாரத்தில் ஈப்போவில் கல்யாணம். அப்பா இல்லாத வீடு, எல்லாம் அண்ணன் தலையில். அழைப்பிதழில் அத்தனை பெரியவர்களுக்கும் இடம் போதாது என்று ஒரு கியூஆர் கட்டத்தை மட்டும் அச்சடித்திருந்தான். போனில் அதைப் பிடித்தால் கல்யாணப் பக்கம் திறக்கும். மண்டபத்துக்கு வழி, சாப்பாட்டு நேரம், கீழே 'தங்கள் நல்வரவை நாடும்' பட்டியல்.

வீடியோ பார்த்துத் தானே செய்த பக்கம் அது. நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைப் போட்டு வைக்கும் ரெப்போ ஒன்றைத் திறந்து, அதில் கோப்புகளைப் போட்டால் போதும். அங்கிருந்தே அது இணையப் பக்கமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு திருத்தத்தையும் சேமிக்கும்போது, என்ன மாற்றினாய் என்று ஒரு கட்டம் கேட்கும். மற்றவர்கள் 'சரி செய்தேன்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

ரதீசன் பரம்பரை அரசாங்கக் கிளார்க். கோப்பில் காரணம் எழுதாமல் ஒரு குண்டூசியைக்கூட நகர்த்தாத குடும்பம். கட்டத்தைக் காலியாக விட அவனுக்குக் கை வரவில்லை.

'பெரியப்பா எட்டிலிருந்து இரண்டுக்கு உயர்த்தப்பட்டார். காரணம்: வாய்.'

மறுநாள் கோகிலன் மாமா தைப்பிங்கிலிருந்து கூப்பிட்டார்.

"அவரு ரெண்டு, நான் மூணா? உங்கம்மா கூடப் பொறந்தவன் நான்! பொண்ணுக்குத் தாய்மாமன் லா!"

'மாமா இரண்டு, பெரியப்பா மூன்று. காரணம்: மாமா கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிடுவாரோ என்ற பயம். வந்துவிடுவாரோ என்ற பயமும் உண்டு.'

அதற்கடுத்த நாள் சிம்பாங் பூலாயிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா மகேந்திரன். "தம்பி, எம்பேருக்குப் பின்னாடி அரசாங்கம் குடுத்த பட்டம் விட்டுப்போச்சு."

'சம்பந்திக்குப் பட்டம் சேர்க்கப்பட்டது. காரணம்: அது இல்லாமல் அவர் கடைக்குப் போய் ரொட்டிகூட வாங்கமாட்டார்.'

பத்து நாளில் முப்பத்தொரு திருத்தம். ஒருவரைத் தூக்கினால் இன்னொருவர் இறங்கினார். இறங்கியவர் போன் போட்டார். ரதீசன் சளைக்காமல் மாற்றினான், காரணமும் எழுதினான்.

அலுவலகக் கேண்டீனில் கூட வேலை பார்க்கும் அபிராமி கேட்டாள். "அண்ணே, பக்கம் அழகா இருக்கே, எப்படிச் செஞ்சீங்க?"

பெருமையோடு ரெப்போவைத் திறந்து போனை நீட்டினான். அவள் படித்தாள். இன்னும் கொஞ்சம் படித்தாள். வாயில் இருந்த தேத்தண்ணி மேசையில் தெறித்தது.

"அலாமாக்! அண்ணே, இந்தக் குறிப்பெல்லாம் எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கு மட்டும்தானே தெரியும்?"

"இலவசமா பக்கம் வேணும்னா ரெப்போவைப் பொதுவிலதான் வைக்கணும். பக்கத்தோட முகவரியை வச்சே கண்டுபிடிச்சிடலாம். யாரு, எப்ப, என்ன எழுதினாங்க, எல்லாமே இருக்கும்."

மாப்பிள்ளை ஹரிஷாந் வேறு தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவு. மாதுமைக்கு முப்பத்துமூன்று வயதில் மனதுக்குப் பிடித்து அமைந்த இடம் இது. தன் கையாலேயே அதைக் கெடுத்துவிட்டோமோ என்று ரதீசன் நிஜமாகவே பயந்துபோனான்.

உடனே ரெப்போவை மறைவாக்கினான். அரை மணி நேரம் நிம்மதியாக இருந்தது. பிறகு தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து சாந்தினி அத்தை.

"ரதீசா, பக்கத்தையே காணோமே! கல்யாணம் நின்னுபோச்சாடா?"

ரெப்போ மறைந்தால் பக்கமும் மறையும் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்நூறு அழைப்பிதழ் ஏற்கனவே ஊர் முழுக்கப் போயிருந்தது. அத்தைக்குப் பின் நாலு பேர். கடைசியாக மண்டபத்துக்காரர், அந்தத் தேதியை வேறு ஆளுக்குக் கொடுக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார்.

பதறிப்போய் மறுபடியும் திறந்தான். பழைய குறிப்புகள் பல்லை இளித்தன. அவற்றைக் கீழே தள்ள ஒரு வழி தோன்றியது. ஒன்றுமில்லாத திருத்தங்களாக இருபத்தைந்து செய்தான்.

'பெரியப்பா பெயருக்குப் பக்கத்தில் ஓர் இடைவெளி சேர்க்கப்பட்டது. காரணம்: அவருடைய பெருந்தன்மை.'

'மாமா பெயருக்குப் பக்கத்திலிருந்த இடைவெளி நீக்கப்பட்டது. காரணம்: அவரோடு நமக்கு இடைவெளியே கிடையாது.'

அபிராமி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணே, இருபத்தஞ்சையும் ஒரே மணி நேரத்துல எழுதியிருக்கீங்கன்னு அதுலயே போட்டிருக்கு. முன்னாடி திட்டுனது மட்டும்தான் இருந்துச்சு, இப்ப பயந்துட்டீங்கன்னும் தெரியுது."

மறுபடியும் மூடினான்.

சனிக்கிழமை காலை பெரியப்பா கூப்பிட்டார். "மாமன் பேரு என் பேரைவிடத் தடிப்பாத் தெரியுது. உடனே கவனி." பக்கமே இல்லாதபோது தடிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூட ரதீசனுக்குத் தோன்றவில்லை. அடுத்த ஐந்தாவது நிமிடம் மகேந்திரன்.

"தம்பி, கொஞ்சம் வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. அந்தப் பக்க விஷயமாப் பேசணும்." குரலில் சிரிப்பில்லை.

"இப்பவே வாரேன் மாமா."

ஒரு பெட்டி பொமெலோ பழத்தோடு சிம்பாங் பூலாய்க்கு விரைந்தான். வாசலில் பெரியப்பாவின் கார் நின்றது. அதை ஒட்டிக் கோகிலன் மாமாவின் கார். ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்காத இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் மகேந்திரனும் ஹரிஷாந்தும். கல்யாணத்தை நிறுத்த முடிவெடுத்துவிட்டார்கள் என்று ரதீசனுக்குப் புரிந்தது.

பழப்பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து, நின்றபடியே மகேந்திரனிடம் கொட்டினான்.

"மாமா, எழுதினது எல்லாம் நான்தான். வாய், பயம், ரொட்டி, எல்லாமே. மாதுமைக்கு ஒண்ணும் தெரியாது. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க, கல்யாணத்துக்கே நான் வரலைன்னாலும் சரி. கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க."

பெரியப்பா மின்விசிறியைப் பார்த்தார். கோகிலன் மாமா தன் கால்விரலைப் பார்த்தார்.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தார் மாப்பிள்ளையின் அம்மா விமலா.

"கல்யாணத்தை யாரு தம்பி நிறுத்துறது, முதல்ல அந்தப் பக்கத்தைத் திறந்துவிடுங்க லா! ஹரிஷாந் அந்தக் குறிப்பைக் காட்டினதிலேருந்து, நீங்க அடுத்து என்ன எழுதுவீங்கன்னு படிக்கத்தானே இவங்க எல்லாரும் முறை வச்சு உங்களுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிச்சாங்க. இன்னிக்குப் பெரியப்பா முறை, அவருக்கு என்ன காரணம் போட்டீங்கன்னு தெரியாம இங்க ஒருத்தருக்கும் காலைப் பசியாறல் தொண்டையில இறங்கல!"