கரும்பு மிஷின் வேகத்தில் ஒரு சம்பந்தி

நான் பிரித்த எந்த மிஷினும் திரும்ப ஓடாமல் போனதில்லை. இதை எந்தச் சபையிலும் சொல்வேன். இங்கே சொல்லப்போகிற மிஷினும் ஓடியது. ஓடாமல் இருந்திருந்தால் எனக்கு இந்த மானக்கேடே வந்திருக்காது.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. பிறந்தது கனகசெட்டிக்குளம். கடலுக்குப் போன முதல் நாளே வாந்தி எடுத்து, கரையிலேயே பிழைத்துக்கொள் என்று அப்பாவால் இறக்கிவிடப்பட்டவன். இன்றைக்குப் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் சொந்தப் பட்டறை. கரும்பு ஜூஸ் பிழியும் மிஷின் செய்கிறேன். புதுச்சேரியில் நீங்கள் கரும்பு ஜூஸ் குடித்திருந்தால், அது அநேகமாக என் கைபட்ட ஜூஸ்தான். (மிஷினைச் சொன்னேன்.)

என் மகளுக்கு நெல்லித்தோப்பில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை என்ஜினீயர். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் சொல்தா. வீடு முழுக்கப் படித்தவர்கள். "பொண்ணோட அப்பா என்ன படிச்சிருக்காரு?" என்று அங்கே யாரோ கேட்டதாக என் காதுக்கு வந்தது. கேட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. நிச்சயதார்த்தத்துக்குள் நான் யாரென்று காட்டிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

வாய்ப்பு தானாக வந்தது. சம்பந்திக்கு முட்டி வலி, மிதிக்க முடியாது. ஸ்கூட்டரோ பிடிக்காது. அதனால் தன் பழைய சைக்கிளில் ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினை வாங்கிப் பூட்டியிருந்தார். தேங்காய் அளவுக்கு என்ஜின், அதை ஒட்டி சோப்பு டப்பா மாதிரி ஒரு கியர் பாக்ஸ். தினமும் சாயங்காலம் அதில்தான் பெத்தாங் ஆடப் போவார். (இரும்புக் குண்டை எறிந்துவிட்டு, யாருடையது குறிக்குப் பக்கத்தில் விழுந்தது என்று குனிந்து குனிந்து அளக்கிற ஆட்டம். முட்டி வலிக்காரர் அதை எப்படி ஆடினார் என்று நான் கேட்டதில்லை.) நிச்சயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது தட்டு வரிசை பற்றிப் பேசப் போனேன். கியர் பாக்ஸ் கரகரவென்று கத்துகிறது, எந்த மெக்கானிக்கும் தொடமாட்டேன் என்கிறான் என்று வருத்தப்பட்டார்.

"குடுங்க சம்பந்தி. நாளைக்கே ஓடும்," என்றேன்.

மாப்பிள்ளை உள்ளேயிருந்து வந்து, பார்ட்ஸ் ஆன்லைனில் போட்டிருப்பதாகவும் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றும் மெதுவாகச் சொன்னார். நான் சிரித்தேன். என்ஜினீயரைப் பார்த்துச் சிரிக்கும் வாய்ப்பு ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு அடிக்கடி கிடைக்காது.

பட்டறையில் பிரித்தேன். உள்ளே பெரிய கியர் ஒன்று, சின்ன கியர் ஒன்று, இரண்டிலும் பல் கொட்டியிருந்தது. கரும்பு மிஷினுக்கென்று வைத்திருந்த ஒரு ஜோடியை எடுத்து, ராவி, துளை போட்டு, டப்பாவுக்குள் உட்கார வைத்தேன். பழசைவிடப் பெரியது இன்னும் பெரிசு, சின்னது இன்னும் சின்னது. அதாவது வேகம் குறையும், பலம் கூடும். முப்பது வருஷமாக எனக்குச் சோறு போடும் தத்துவம் அது. கரும்புக்கு அவசரமே கிடையாது.

மூடியை முறுக்கி முடித்த பிறகு நகத்தளவு ஸ்பிரிங் ஒன்று மேஜையில் கிடந்தது. சாப்பாடு கொண்டுவந்த என் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

"என்னங்க, இது அதுக்குள்ள இருந்ததுதான?"

"கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா வெச்சிருக்கான்," என்று எடுத்து மணிபர்ஸில் போட்டுக்கொண்டேன். ஓட்டியும் பார்க்கவில்லை. என் வேலையை நானே சோதிப்பது என்னை நானே சந்தேகப்படுவதாகாதா?

மறுநாள் சாயங்காலம் சம்பந்தி வெள்ளைத் தொப்பியும் குண்டுப் பையுமாக ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட் ஆனது. கரகர சத்தம் போயே போய்விட்டது. என்ஜின் உறுமிய உறுமலுக்கு விமானம் பறக்க வேண்டும். வண்டி மாசமான பெண் நடப்பதுபோல் புறப்பட்டது. நான் பக்கத்தில் நடந்தேன். வேகமாக நடந்தால் முந்திவிடுவேன் என்பதால் பார்த்துத்தான் நடந்தேன்.

கீரை விற்கும் அம்மா ஒருத்தி கூடையோடு மறுபக்கம் சேர்ந்துகொண்டாள்.

"இம்மா மெதுவா போறீங்களே ஐயா, நிறுத்தி ஒரு கட்டு வாங்குனா என்ன?"

"நிக்க மாட்டேங்குதும்மா," என்றார் சம்பந்தி, முன்னால் பார்த்தபடியே.

ஆக்சிலேட்டரை விட்டுத்தான் இருந்தார். பிரேக்கைப் பிடித்தார், ரப்பர் கட்டை தீய்ந்த வாடை வந்தது. ஆஃப் சுவிட்சை அழுத்தினார், அதன் வயர் என் மூடிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. குதித்து இறங்க முட்டி விடவில்லை.

"பலம் எப்படி சம்பந்தி?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"பலம் இருக்கு மிசியே. நிறுத்தறது எப்படி?"

அவருக்குக் கோபம் தலைக்கேறினால்தான் பிரெஞ்சு வரும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். நிச்சயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது சம்பந்தியாக இருந்தவன் மிசியே, அதாவது வெறும் சார், ஆகிவிட்டேன். என் மிஷினை நிறுத்த வேண்டுமென்றால் சுவரில் பிளக்கைப் பிடுங்குவோம். இதற்குச் சுவர் இல்லை. பின்னால் போய்க் கேரியரைப் பிடித்து இழுத்தேன். அது என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. ஒரு செருப்பு பிய்ந்தது. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

கடைசியில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல்மேட்டில் முட்டிக்கொண்டு வண்டி சாய்ந்தது. சம்பந்தி இரண்டு காலையும் ஊன்றி, வந்து சேர்ந்தவர் மாதிரி இறங்கினார். பின்சக்கரம் நிற்கவில்லை. கரும்பைப் பிழிவதுபோல் மணலைப் பிழிந்து என் வெள்ளைச் சட்டையில் துப்பியது.

மாப்பிள்ளை நடந்தே வந்தார். இரண்டு விரலால் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைப் பிடுங்கினார். அடங்கிவிட்டது.

"மாமா, கிளட்ச்ச விடறதுக்கு இதுல ஒரு ஸ்பிரிங் இருந்திருக்குமே?"

மணிபர்ஸில் இருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த மூன்று நாளும் என் மகள் என்னோடு பேசவில்லை. நிச்சயத்தன்று தட்டு மாற்றுவதற்கு முன், இரண்டு வீட்டாரும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்றார் பெரியவர் ஒருவர். சம்பந்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்களுக்கு நகை நட்டு ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு கண்டிஷன். சம்பந்தி எங்க வூட்டுக்கு எப்ப வேணா வரலாம், எத்தினி நாள் வேணா இருக்கலாம். டூல்ஸ் பையி மட்டும் உள்ள வரக்கூடாது."

பெரியவர்கள் சிரிக்காமல் கலந்து பேசி, நியாயம்தான் என்றார்கள். நானும் சபையில் ஒப்புக்கொண்டேன். மறுபடி சம்பந்தி என்று கூப்பிட்டாரே, அதற்காக எதையும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

ஏழு வருஷம் ஆகிறது. இப்போதும் நான் போனால் மாப்பிள்ளை கேட்டிலேயே நின்று, "பை இருக்கா மாமா?" என்று கேட்கிறார். சம்பந்தியம்மா மிக்சியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். எந்தப் பொருள் ரிப்பேர் ஆனாலும் அந்த வீட்டில் "ரிப்பேர்" என்று சொல்வதில்லை, "கரும்பாயிடுச்சு" என்கிறார்கள்.

நான் சொன்ன சொல் மாறுகிறவன் இல்லை. இன்றுவரை டூல்ஸ் பையோடு அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. பத்து-பன்னெண்டு சைஸ் ஸ்பானர் ஒன்றை மட்டும் இடுப்பு வேட்டியில் செருகியிருப்பேன். அது பை என்ற கணக்கில் சேராது.