கடலுக்கு வேண்டாத மாலை

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வந்து நாலஞ்சு வருஷம் இருக்கும். அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். சாமிக்குப் போட்ட பழைய மாலை ரெண்டைக் கடல்ல விடணும்.

வேலை கொடுத்தவர் எங்க கோயில் தலைவர், பிள்ளைன்னு பேரு. மலாக்காவுல, காஜா பேராங்ல எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். அவர் மக வள்ளியை நான் பொண்ணு கேட்டிருந்தேன். இன்னும் பதில் வரல.

"சாமி மாலை, தம்பி. குப்பையில போடக்கூடாது. பக்தியா விட்டுட்டு சாயந்தரம் வாங்க, பேசுவோம்"னார்.

அந்த "பேசுவோம்"லயே எனக்குப் பாதிக் கல்யாணம் முடிஞ்சிடுச்சு.

மாலை ரெண்டும் அப்பப் புதுசா வந்த ஹாங்காங் பிளாஸ்டிக். வாடாதுன்னு பிள்ளையே ஆசையா வாங்கினது. ஒரு வருஷ ஊதுபத்திப் புகையில கருத்துப்போச்சு.

பண்டார் ஹிலிர் கடற்கரையில நின்னு கும்பிட்டு வீசினேன். மிதந்துச்சு. அலை அதை என் காலடியிலேயே கொண்டாந்து வச்சுது. இன்னும் பலமா வீசினேன். இன்னும் வேகமா வந்துச்சு!

வலை காயப்போட்டுட்டிருந்த மலாய் மீனவர் ஒருத்தர் பார்த்துச் சிரிச்சார். பாவம்னு தன் சம்பான் படகுல என்னை ஏத்திக்கிட்டார். போற வழியில பிள்ளை யாரு, வீடு எங்க, மக எப்படி, எல்லாத்தையும் அவர் கேக்காமலே சொன்னேன்.

ஆழத்துல மாலையோட கல்லைக் கட்டி இறக்கினேன். முங்கிடுச்சு. எனக்கு ஒரே பெருமை.

சாயந்தரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் பிள்ளை வீட்டுக்குப் போனேன். கடல் அப்படியே ஏத்துக்கிச்சுன்னு ஆரம்பிச்சேன். அலையே குனிஞ்சு கும்பிட்டுச்சுன்னு கூடச் சேர்த்துவிட்டேன்.

வாசல்ல சைக்கிள் மணி அடிச்சுது. பார்த்தா, அதே மீனவர்!

கட்டின கல்லு வழுக்கிக் கழண்டு, மாலை மேல வந்து, மத்தியானம் அவர் வலையிலேயே சிக்கியிருக்கு. சாமி பொருளாச்சேன்னு சோப்புப் போட்டுக் கழுவி, துணியில சுத்தி, வீடு விசாரிச்சுக் கொண்டாந்திருக்கார். மாலை புதுசு மாதிரி மின்னுச்சு.

வள்ளி கைவிட்டுப் போயிட்டான்னே நினைச்சேன். கதவுக்குப் பின்னால அவ சிரிக்கிற சத்தம் வேற.

பிள்ளை மாலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடலும் வேணாங்குது. சாமி இதை உங்க ரெண்டு பேருக்குத்தான் குடுத்திருக்கு. கல்யாணத்துக்கு இதையே போட்டுக்குங்க."

போட்டுக்கிட்டோம். நாப்பது வருஷமாச்சு. எங்க ரெண்டு பேருக்கும் தலை நரைச்சிடுச்சு, மாலை மட்டும் அப்படியே இருக்கு. அதை எங்கே கொண்டுபோய்ப் போடறதுன்னுதான் இன்னும் தெரியல.